பிள்ளைக்குத் தலை காயட்டும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, போன வாரம் உங்களில் ஒருத்தி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். உதவித்தொகைக்காக விசாரிக்கப் போன வீட்டில் ஒரு அம்மா அவளை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டாளாம். "என்ன ஏசினாள்?" என்றேன். "ஏட்டி, இந்த வேகாத வெயில்ல குடையில்லாம அலையுதியே, உன் தள்ளை உன்னை இப்பிடித்தான் வளத்தாளா?" என்று கேட்டாளாம். நான் சிரித்துவிட்டேன். "அடி அசடே, இதற்கா அழுகிறாய்? உனக்கு இனி அந்த வீட்டில் சோறு உண்டு" என்றேன். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். போகும்போது பார்த்த பார்வை அப்படித்தான் இருந்தது.

அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படித்தால் ஒன்றும் குறைந்துவிட மாட்டீர்கள். பாரங்களை எப்படி நிரப்புவது என்று பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அதை நான் தொடப்போவதில்லை. எனக்கு அது கடைசிவரை சரியாக வந்ததும் இல்லை.

நம் பக்கம் திருவிதாங்கூரோடு இருந்த காலம் அது. வெள்ளைக்காரன் போன கையோடு பர்மாவுக்கும் சுதந்திரம் வந்தது, கூடவே அங்கே உள்நாட்டுச் சண்டையும் வந்தது. பிழைக்கப் போயிருந்த நம் ஆட்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். அவர்களில் இந்தப் பக்கத்துக்காரர்களைத் தங்கவைக்க, கோட்டாற்றுச் சந்தைக்குப் பின்னால் கிடந்த பழைய உப்புக் கிட்டங்கி ஒன்றைக் கழுவிவிட்டு முகாம் ஆக்கினார்கள். எத்தனை தரம் கழுவியும் சுவரை நக்கினால் கரித்தது. நான் நக்கவில்லை, முகாம் குழந்தைகள் நக்கிப் பார்த்து வந்து சொன்னார்கள்.

பெண்கள் இருக்கிற முகாமுக்குப் பெண் ஒருத்தி வேண்டும் என்று மேலிடத்துக்குத் திடீரென்று தோன்றிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இருந்த என்னைத் தூக்கி அங்கே போட்டார்கள். அதனால் முகாமிலும் நான் டீச்சர்தான். எனக்கு மேலே ஒரு சூப்பிரண்டு இருந்தார். தங்கமான மனிதர். சிக்கலான விஷயம் எதைக் கொண்டுபோனாலும் உடனே அவருக்கு வயிறு சரியில்லாமல் போய்விடும், அவ்வளவுதான். "டீச்சரே, நீங்களே பாத்துக்கிடுங்க" என்று செம்பை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார். என் அனுபவம் முழுவதும் அவருடைய வயிற்றால் கிடைத்தது என்று சொன்னால் தப்பில்லை.

விதி இதுதான். முகாம் காலம் முழுவதும் நடக்காது. சொந்த ஊரில் ஏற்றுக்கொள்ள வீடு இருக்கிறவர்கள் அங்கே போய்விட வேண்டும், சர்க்கார் கொஞ்ச காலம் அரிசி தரும், பிழைப்புக்கு ஒரு வழியும் செய்து தரும். ஏற்றுக்கொள்ள வீடில்லாதவர்களை மெட்ராஸுக்கும் அப்பால் இருந்த ஒரு பெரிய முகாமுக்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள். அங்கே போனவர்களைப் பற்றி வந்த சேதி எதுவும் நல்லதாக இல்லை. வீடு ஏற்கிறதா இல்லையா என்று பார்த்து முடிவு சொல்ல ஒரு விசாரணை அதிகாரி வருவார். கோட்டயம் பக்கத்துக்காரர். அவ்வளவு மிருதுவான மனிதரை நான் சர்க்கார் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. தெருநாயைக்கூட மரியாதை குறையாமல்தான் விரட்டுவார்.

இனி கோலப்பன் கதைக்கு வருகிறேன். கோலப்பன் பூதப்பாண்டிப் பக்கத்துக்காரன். கல்யாணமான மறு வருஷமே ரங்கூனுக்குப் போய் அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்தான். யுத்தம் வந்தது, கடிதாசி நின்றது. அவன் இருக்கிறானா போய்விட்டானா என்று ஊருக்குத் தெரியவில்லை. ஊர் இருக்கிறதா என்று அவனுக்கும் மறந்துவிட்டது போலிருக்கிறது. மா கின் என்று ஒரு பர்மாக்காரியைக் கட்டிக்கொண்டான். இப்போது அவளையும் பொன்னி என்ற சின்னப் பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் கிட்டங்கியில் உட்கார்ந்திருந்தான். மா கின்னுக்குத் தமிழில் மூன்றே வார்த்தைதான் தெரியும். சோறு, தண்ணி, கோலப்பா. புருஷனை அவள் பேர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் முகாமே காதைப் பொத்திக்கொள்ளும்.

ஊரில் முதல் பெண்டாட்டி இசக்கியம்மை இருந்தாள். இத்தனை வருஷமும் வாழைத்தோட்டம் வைத்து, குலை வெட்டிக் கோட்டாற்றுச் சந்தையில் விற்றுத் தனியாகப் பிழைத்தவள். வீடும் தோட்டமும் அவள் அம்மா வழியில் வந்தவை. கோலப்பனுக்கென்று அந்த ஊரில் ஒரு ஓலைக்கீற்றுகூடக் கிடையாது. ஆக, மா கின்னும் குழந்தையும் எங்கே போவார்கள் என்பது இசக்கியம்மையின் வாயில் இருந்தது. அவள் ஏற்றால் பூதப்பாண்டி, ஏற்காவிட்டால் லாரி. கோலப்பனுக்கு முறையான மனைவியும் அவள் வீடும் ஊரில் இருப்பதால் அவனை லாரியில் ஏற்ற முடியாது என்று அதிகாரி தீர்மானமாகச் சொல்லிவிட்டார். புருஷன் ஒரு பக்கம், பாஷை தெரியாத பெண்ணும் பிள்ளையும் இன்னொரு பக்கம். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சந்தை நாளில் வாசலில் சத்தம் கேட்டது.

"எங்கடே அவன்? ரங்கூன் துரை எங்க?"

அந்தக் குரலைக் கேட்டதும் கோலப்பன் எழுந்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தான். துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே கப்பல் ஏறி வந்த மனிதன் அவன். சூப்பிரண்டு செம்பைத் தேடினார். நான் வாசலுக்குப் போனேன். தலையில் காலி ஓலைப்பெட்டியோடு இசக்கியம்மை நின்றாள். என்னைக் கண்டதும் குரல் அப்படியே தணிந்தது. "வாங்கம்மா. நீங்க இருங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றாள். என் முகாமில் என்னையே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே மா கின் அடுப்பில் மீன் வைத்துக்கொண்டிருந்தாள். இசக்கியம்மை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குழம்பைப் பார்த்தாள். சக்களத்தியிடம் அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"ஏட்டி! மீனுக்குத் தேங்கா அரைக்காம குழம்பு வைக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

மா கின்னுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்தாள்.

"சிரிக்கா பாரு! பல்லைக் காட்டுதா!" இசக்கியம்மை கரண்டியைப் பிடுங்கி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். முகம் கோணியது. "சவம்! இதைத் தின்னுட்டாடே நீ உசிரோட வந்து சேந்த?" என்று அரிசி மூட்டையைப் பார்த்துக் கேட்டாள். மூட்டை பதில் சொல்லவில்லை.

அடுத்த சந்தைக்கும் வந்தாள். பெட்டியிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து மா கின் காலடியில் விட்டெறிந்தாள். அம்மிப் பக்கத்தில் நின்று ஏசி ஏசியே அதை அரைக்க வைத்தாள். அதற்கடுத்த தடவை, பிள்ளைக்குப் போட்டிருக்கிற சட்டை சட்டையா சாக்கா என்று ஏசினாள். போகும்போது ஒரு பாவாடையைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டுப் போனாள். பிறகு ஒரு குப்பி தேங்காய் எண்ணெய் வந்தது. அதுவும் ஏச்சோடுதான் வந்தது. அவள் வருவதற்கு ஒரு நாழிகை முன்னாலேயே கோலப்பன் மூட்டைக்குப் பின்னால் தனக்கு இடம் சரி செய்துகொள்வான்.

இதற்குள் மா கின் தமிழ் படித்துவிட்டாள். முகாமில் அவளிடம் வாய் ஓயாமல் பேசியவள் இசக்கியம்மை ஒருத்திதான், ஆகவே படித்ததெல்லாம் இசக்கியம்மை தமிழ். ஒரு நாள் கஞ்சிப் பானையை எட்டிப் பார்த்த சூப்பிரண்டிடம் அவள் தன் முதல் முழு வாக்கியத்தைச் சொன்னாள்: "சவம், தள்ளி நில்லுடே!" சொல்லிவிட்டு அன்பாகச் சிரித்தாள். அன்று சூப்பிரண்டின் வயிற்றைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

இப்படி ஒரு சந்தை நாளில்தான் விசாரணை அதிகாரி வந்து சேர்ந்தார். முந்தின வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு அருமனைக்குப் போயிருந்தார். எங்கள் முகாமில் வேலாயுதம் என்று ரங்கூனில் தையல் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், ஒண்டிக்கட்டை, அவரைச் சொந்தத்தில் சேர்க்கத்தான் போனோம். அருமனையில் அவருடைய அக்காள் மகன் இருந்தான். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே நல்ல ஓட்டு வீடு. "வரணும் மாமா, இரிக்கணும்" என்று நாற்காலி போட்டான். மட்டிப்பழமும் தேயிலைத் தண்ணீரும் வந்தன. "மாமா எங்களுக்குத் தெய்வமாக்கும் சார். இவிய இஷ்டம்போல எத்தனை நாளும் இருக்கட்டு" என்றான் மருமகன். அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்திலேயே சம்மதம் என்று எழுதி, பெரியவரை அங்கேயே விட்டார். பழம் நன்றாக இருந்தது, நானும் தின்றேன். ஆனாலும் மனதில் ஏதோ ஒன்று நெருடியது. அங்கே இருந்த நேரம் முழுவதும் அந்த வீட்டில் யாரும் பெரியவரை ஒரு வேலை ஏவவில்லை. ‘கால் கழுவிட்டு உள்ள வாரும்’ என்றுகூட ஒரு சொல் இல்லை.

அந்த அருமனை மனதோடுதான் அதிகாரி கிட்டங்கிக்குள் நுழைந்தார். இசக்கியம்மை மா கின்னை ஏசிக்கொண்டிருந்தாள். மீன் செதிலைச் சரியாகச் சுரண்டவில்லை என்பது அன்றைய வழக்கு. அதிகாரி வெலவெலத்துப் போனார்.

"டீச்சரே, இவர் அந்த ஸ்திரீயை ஜீவிக்க விடமாட்டார்" என்றார். ‘ஏற்க மறுப்பு’ என்று எழுதியும் விட்டார்.

"சார், அது வெறுப்பில் ஏசுகிறது இல்லை."

"பின்னே? சந்தோஷம் கொண்டா ஏசுகிறார்?" என்று சிரித்தார். "அருமனையில் கண்டோமே, அதல்லவா குடும்பம்!"

நெஞ்சுக்குத் தெரிந்ததை அதிகாரியிடம் எந்த வார்த்தையில் சொல்வது? லாரி வரும் நாளும் குறித்தாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை.

அந்த வாரமே, முகாம் வாசலில் தகரப் பெட்டியோடு ஒருவர் வந்து நின்றார். வேலாயுதம் பெரியவர். அருமனையிலிருந்து நடந்தும் வண்டியில் தொற்றியும் வந்திருந்தார்.

"அடித்தார்களா? ஏதாவது சொன்னார்களா?" என்று பதறினேன்.

"ஒண்ணும் சொல்லல்ல டீச்சரே" என்றார். "ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல்ல. நாற்காலிய விட்டு எந்திரிக்க விடல்ல. சோத்தைத் தனியாக் கொண்டு வெச்சாவ. ‘மாமா எப்பம் கிளம்புதிய?’ன்னு மரியாதையாக் கேட்டாவ. தினமும் கேட்டாவ. விருந்தாளி எத்தனை நாளைக்கு இருக்க முடியும், சொல்லுங்க."

அவரைக் கையோடு அழைத்துப்போய் அதிகாரி முன்னால் நிறுத்தினேன். அதே வார்த்தையைத் திரும்பச் சொல்ல வைத்தேன். அதிகாரி மீசையை நீவிக்கொண்டார். "எங்கள் ஊர் மரியாதை வெளியாட்களுக்கு உள்ளது சார். வீட்டு மனுஷியைத்தான் ஏசுவார்கள்" என்றேன். மிருதுவான மனிதர் என்று சொன்னேன் அல்லவா? பாதி ஒப்புக்கொண்டார்.

"சரி டீச்சரே. இசக்கியம்மை வீட்டுக்கே போவோம். அந்த ஸ்திரீயையும் குழந்தையையும் கூட்டிக்கொள்வோம். நேருக்கு நேராக ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். இவளை ஏற்கிறீர்களா, இல்லையா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். புருஷன் வருவான் வருவான் என்று வயதைத் தொலைத்தவள் அவள். வந்தவன் இன்னொருத்தியோடு வந்து நிற்கிறான். தெரு முழுவதும் கூடி நிற்க, ‘இவளை ஏற்கிறாயா?’ என்று சர்க்கார் கேட்டால் அவள் என்ன சொல்ல முடியும்? ஆமாம் என்றால் தெரு சிரிக்கும். மானமுள்ளவளுக்கு அங்கே ஒரே பதில்தான் உண்டு. அதைச் சொல்லிவிட்டால் பிறகு தலை போனாலும் மாற்ற மாட்டாள். நாம் கேட்கிற கேள்வியே அவளை அந்தப் பதிலுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடும்.

"சார், உங்கள் காலில் விழுகிறேன், அதை மட்டும் கேட்காதீர்கள்" என்றேன். "வெள்ளிக்கிழமை லாரி வருகிறது என்று சொல்லுங்கள். மீதியை அவளிடம் விட்டுவிடுங்கள்."

"அவர் ஒன்றும் சொல்லாவிட்டால்?"

"அப்போது லாரிதான் சார்."

தைரியமாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சூப்பிரண்டின் வயிற்று நோய் எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருந்தது.

வில்வண்டியில் போனோம். கோலப்பன் வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். ஊர் எல்லையில் கால்வாயைக் கண்டதும் காலைக் கழுவிவிட்டு வருவதாக இறங்கினான், அதன்பிறகு காணவில்லை. நெல் வயலுக்குள் இறங்கினவனை யார் தேடுவது? வண்டி நின்றபோது தெருவில் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். இசக்கியம்மை வெளியே வந்தாள். அதிகாரியைப் பார்த்தாள், அவர் கைப்பையைப் பார்த்தாள், கூடி நின்ற தெருவைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாங்க சார். வாங்கம்மா. இருங்க" என்று பாயை விரித்தாள். பிறகு மா கின் பக்கம் திரும்பினாள். "நீங்களும் வாங்க. வெயில்ல நிக்காதிய. காப்பி குடிக்கியளா?"

என் உயிர் போய்விட்டது. நீங்களாம்! காப்பியாம்!

அதிகாரிக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. "கண்டீர்களா டீச்சரே, எத்தனை மரியாதை!" என்று என் காதில் சொன்னார். நான் மா கின்னைப் பார்த்தேன். இத்தனை நாளில் இசக்கியம்மை வாயிலிருந்து அவள் கேட்காத பேச்சு அது. அர்த்தம் புரிந்ததோ என்னவோ, குரல் புரிந்துவிட்டது. முகம் வெளுத்து, பொன்னியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அரிசி மில்லும் வீடும் எரிந்ததைக் கோலப்பன் சொல்லும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்த பெண் அவள். அன்றைக்குத்தான் அவள் பயந்து நான் பார்த்தேன்.

அதிகாரி சொல்ல வேண்டியதைச் சொன்னார். "வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. இவர்கள் இரண்டு பேரும் வடக்கே முகாமுக்குப் போகிறார்கள். சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தோம்."

"ஆகட்டு" என்றாள் இசக்கியம்மை, கையைக் கட்டிக்கொண்டு. "சர்க்காரு செஞ்சா சரியாத்தான் இருக்கும். நல்லபடியாப் போயிட்டு வாங்க."

தெருவுக்குத் திருப்தி. ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். அதிகாரி தொண்டையைக் கனைத்தார். அந்தக் கேள்வி அவர் வாய்க்கு வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. "கிளம்பலாம் சார்" என்று பட்டென்று எழுந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மா கின்னும் எழுந்தாள். அவர்கள் நாட்டு வழக்கப்படி மூத்தவளிடம் விடைபெற, தரையில் மண்டியிட்டு, கைகூப்பி, நெற்றி மண்ணில் படக் குனிந்தாள். அம்மாவைப் பார்த்துப் பொன்னியும் பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்தாள். அவள் தலைமுடி முன்னால் சரிந்து விழுந்தது. கிட்டங்கி உப்புக் காற்றில் செம்பட்டை பாய்ந்து, சிக்குப் பிடித்து, பேன் ஊறிக் கிடந்த தலை. இசக்கியம்மை அந்தத் தலையைப் பார்த்தாள். கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

"ஏட்டி" என்றாள், மெதுவாக.

பிறகு தெருக்கோடி வரை கேட்டது.

"ஏட்டி மாக்கினி! இது என்ன தலையா குருவிக்கூடா? நான் கொண்டு தந்த எண்ணெய் எங்கட்டி? குடிச்சியா? பிள்ளையைப் பெத்துப் போட்டா போதுமா? கோட்டிக்காரி! மூதேவி!"

மா கின் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! எழுந்து இடுப்பில் கையை வைத்தாள். "எண்ணெய் தீந்து போச்சு, சவம்!" என்று பதிலுக்குக் கத்தினாள்.

இசக்கியம்மைக்கு வாய் பிளந்துவிட்டது. "எதுத்துப் பேசுதா பாரு! யாருகிட்டட்டி படிச்ச இதை?" என்றாள். எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், தெரு மொத்தமும் சிரித்தது. இசக்கியம்மை யாரையும் பார்க்கவில்லை. பொன்னியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். உச்சியில் எண்ணெயை ஊற்றி, தாளி இலையைக் கசக்கித் தேய்க்க ஆரம்பித்தாள். பொன்னி வீரிட்டாள். இசக்கியம்மை விடவில்லை.

அதிகாரி தயங்கித் தயங்கிப் பின்னால் போனார். "அம்மா, வெள்ளிக்கிழமை லாரி..."

"லாரியாம் லாரி! ஈரத்தலையோட பிள்ளையை லாரில ஏத்துவீரோ? சளி பிடிச்சா உம்ம சர்க்காரு வந்து பாக்குமா? முதல்ல பிள்ளைக்குத் தலை காயட்டு."

"எப்போது காயும்?"

"காயும்போது காயும். நீரு எதுக்குவே மரம் மாதிரி நிக்கீரு? அந்த வாளியை எடுத்துத் தாரும்!"

பிறந்ததிலிருந்து அவரிடம் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். வாளியை எடுத்துக் கொடுத்தார். அதோடு விட்டாளா? தண்ணீரும் இறைக்கச் சொன்னாள். "சார், உங்களுக்கும் இனி இந்த வீட்டில் சோறு உண்டு" என்றேன். கயிற்றை இழுத்துக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

திரும்பி வரும்போது, வண்டிக் குலுக்கலிலேயே பழைய முடிவை அடித்துவிட்டு எழுதினார்: ‘குழந்தைக்குத் தலை காய்ந்ததும் அனுப்பப்படும்.’ என் சர்வீஸில் இதைவிட நல்ல உத்தரவை நான் பார்த்ததில்லை. சூப்பிரண்டு அதைப் படித்தார், வயிற்றைத் தடவினார், கையெழுத்தைப் போட்டார். வேலாயுதம் பெரியவரையும் நாங்கள் லாரியில் ஏற்றவில்லை. முகாம் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்க ஆள் வேண்டும் என்று ஒரு காரணம் கண்டுபிடித்தோம். பிறகு சந்தைப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு கடைமுகப்பு கிடைத்தது. கோலப்பன் அன்று பொழுது சாயும்போது கொல்லைப்புறமாக வீடு போய்ச் சேர்ந்தானாம். அவனுக்கு விழுந்த ஏச்சு வேறு ரகம், அதை எழுத முடியாது.

இதைப் படித்துவிட்டு, ஏசுகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று கிளம்பிவிடாதீர்கள். நிஜமாகவே விரட்டுவதற்கு ஏசுகிற வீடுகளும் உண்டு. அப்படி ஒரு வீட்டில் என் மேல் சாணித் தண்ணீர் விழுந்திருக்கிறது. வாய் ஏசும்போது கை என்ன செய்கிறது என்று பாருங்கள். தேங்காயை எறிகிற கை ஒன்று, தேங்காயைப் பறிக்கிற கை ஒன்று. அப்புறம், சிலருக்கு நல்லது செய்ய மனம் இருக்கும், சொல்ல வாய் வராது. அவர்களைப் பிடித்து வைத்துச் சொல்லு சொல்லு என்று கேட்டால் இருக்கிறதும் போய்விடும். உங்கள் பாரத்தில் ஆமாம், இல்லை என்று இரண்டு கட்டம் இருப்பது எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கட்டத்தை மறந்துவிட்டு வாளியை எடுத்துக் கொடுங்கள்.

முகாம் மூடின பிறகும் அந்தப் பக்கம் போனால் நான் இசக்கியம்மை வீட்டுக்குப் போவேன். பொன்னி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். முடி இடுப்பு வரை இருந்தது. "தலை காய்ந்துவிட்டதா?" என்று கேட்பேன். "எங்கம்மா காயுது?" என்பாள் இசக்கியம்மை, சிரிக்காமல். ஆனால் என்னிடம் மட்டும் அவள் மாறவே இல்லை. வாங்கம்மா, இருங்கம்மா, காப்பி குடிக்கியளாம்மா. தபால்காரனை ஏசுவாள், பால்காரியை ஏசுவாள், வாளி தூக்கின அதிகாரி ஒரு தடவை வந்தபோது அவரையும் ஏசினாள். எனக்கு மட்டும் பாயும் காப்பியும். அவளுக்கு நான் சர்க்கார். உங்களிடம் மறைப்பானேன், எனக்கு அது வருத்தம்தான்.

நம் தாலுகாக்கள் மெட்ராஸோடு சேரப்போகின்றன என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்த சமயம், இசக்கியம்மை காய்ச்சலில் விழுந்து செத்துப்போனாள். எனக்குச் சேதி தாமதமாகத்தான் கிடைத்தது. வெயிலில் ஓடினேன். வீடு நிறையப் பெண்கள், ஒப்பாரிச் சத்தம். தலைமாட்டில் மா கின் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒப்பாரி தெரியாது. அதை அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? தெரிந்ததைத்தான் செய்துகொண்டிருந்தாள். உயிரோடு இருந்தவரை அக்கா அக்கா என்றே கூப்பிட்டவள், குனிந்து அவள் முகத்தைப் பார்த்து ஏசிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எந்திரிட்டி. சும்மா கெடக்கா பாரு. சந்தைக்கு யாருட்டி போவா? பிள்ளைக்கு யாருட்டி தலை தேச்சு விடுவா? கண்ணைத் தொறட்டி, சவம்..."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நிறுத்திவிட்டார்கள்.

நான் வாசலில் கைகூப்பி நின்றேன். துக்க வீட்டில் சொல்ல வேண்டிய மரியாதையான வார்த்தைகளை மனதில் கோத்துக்கொண்டிருந்தேன். மா கின் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி டீச்சரு! இப்பந்தான் உனக்கு வழி தெரிஞ்சுதாக்கும்? நேத்து முழுக்க அக்கா உன்னை ஏசிக்கிட்டே கெடந்தா. ‘அந்தக் கோட்டிக்காரி ஏன் இன்னும் வரல்ல, குடையில்லாம எந்த வெயில்ல அலையுதாளோ’ன்னு."

"என்னையா? என்னை ஏசினாளா?" என்றேன்.

"பின்ன? அவ உன்னை ஏசாத நாளு உண்டா? நீ போன பொறவு ராத்திரி வரைக்கும் ஏசுவா. வா, வந்து இரி இங்க."

நான் போய் உட்கார்ந்தேன். கோத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் பொன்னி சடங்குக்குக் குளித்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டே என் தோளில் சாய்ந்தாள். என் சேலை நனைந்தது. அவளுக்குத் தலை இன்னும் காய்ந்திருக்கவில்லை.